மதம் இல்லாமல் மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள முடியுமா?

செங்கதிர்:
மதக்கல்வி இருந்தால் ஒழுக்கம் தானே வரும் என்பவர்களுக்கு: டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர். சிலரை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றிய பைபிள் கதையான நல்ல சமாரியன் உவமையைப் பற்றியே உரையாற்ற அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து கிடந்து இருமி முனகினார். நேரம் இருந்தவர்களில் 63% உதவினார்கள். அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10% மட்டுமே. உரையின் தலைப்பால் பெரிய வித்தியாசம் இல்லை.

நிலவன்:
அதில் மத நம்பிக்கை இல்லாதவர்களோடு ஒப்பீடே கிடையாது. அவசரம் கண்ணை மறைக்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் மதங்கள் வழி வைத்திருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இக்னாசியார் சொன்ன முறை: காலையில் ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், உதாரணமாகக் கடுஞ்சொல். நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள். மதியம் வரை எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், அதன்பின் இரவு வரை தவறியது இரண்டாவதில். இரண்டையும் ஒப்பிட வேண்டும், பிறகு நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை. "இன்று நல்லவனாக இருந்தேனா?" என்று மொத்தமாகக் கேட்டால் மனசு உடனே ஆமாம் போட்டுவிடும். எண்ணிக்கையிடம் அது நடக்காது.

செங்கதிர்:
முறை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ரோமானியத் தத்துவஞானி செனெகா முதலாம் நூற்றாண்டிலேயே தினமும் இரவு விளக்கை அகற்றிய பிறகு அன்றைய பேச்சையும் செயலையும் தனக்குத் தானே விசாரித்தார். நரக பயம் அவரை உட்கார வைக்கவில்லை. மதத்தோடு வரும் ஆபத்தையும் பேசுங்கள்: கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதும் மனபாரம் இறங்கிவிடுகிறது, நஷ்டப்பட்டவன் நஷ்டப்பட்டபடியே இருக்கிறான்.

நிலவன்:
அதை மதங்களே அனுமதிப்பதில்லையே! யூத மரபில், சக மனிதனுக்குச் செய்த தீங்கை, ஆண்டுதோறும் வரும் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் நோன்பு தீர்க்காது, அவனைச் சமாதானப்படுத்தும் வரை. இஸ்லாத்தில் தவ்பாவுக்கு, அதாவது பாவமன்னிப்புத் தேடி மனம் திரும்புவதற்கு, பாவத்தை விடுவதும் வருந்துவதும் இனி செய்யமாட்டேன் என்ற உறுதியும் போதாது. அடுத்தவர் பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அல்லி:
விதி இருக்கிறது, நடைமுறையில்தான் ஓட்டை. சமண மரபின் "மிச்சாமி துக்கடம்" அவரவர் தீங்கை உணர்ந்து கேட்க வேண்டிய மன்னிப்பு. அதையே ஒரே செய்தியாக எல்லா எண்களுக்கும் அனுப்பினால், உண்மையில் காயப்பட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறார். "தெரிந்தோ தெரியாமலோ" என்று ஆரம்பிக்கக் கூடாது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். புறம் பேசியிருந்தால், யாரிடம் பேசினீர்களோ அவர்களிடமே போய்த் திருத்துங்கள். பதிலுக்கு "மன்னித்தேன்" என்று சொல்லும்படி நெருக்காதீர்கள்.

செங்கதிர்:
அல்லி சொன்ன எதற்கும் கடவுள் தேவைப்படவில்லை, காயப்பட்டவர்தான் தேவைப்படுகிறார்.

நிலவன்:
தேவைப்படவில்லை, சரி. ஆனால் எதிரே நிற்கவே கூசும் ஆளிடம் போவதை மனிதன் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பான். யோம் கிப்பூருக்குத் தேதி உண்டு, ஊரே சேர்ந்து இருக்கும் நோன்பு அது. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கெடுவை யார் வைப்பது?

செங்கதிர்:
நம்பிக்கையான ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை "போய்ப் பார்த்தாயா?" என்று கேட்கச் சொன்னால் போதும். கேட்பவர் குருவாக இருக்க வேண்டியதில்லை.