அப்பத்தா நோட்டில் பலம், வீசை, கல்பாசி, "எண்ணெய் பிரிய": யாராவது விளக்குங்களேன்

ஷார்ஜா சமையல்காரன்:

வணக்கம். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பரணில் அப்பத்தா கைப்பட எழுதின சமையல் நோட்டு கிடைத்தது. பாதிப் பக்கம் பூச்சி அரித்துவிட்டது, மீதியில் மஞ்சள் கறை. கோழிக் குழம்பு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வந்தேன். அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"கோழி 1 வீசை. மிளகாய் அரைப் பலம், மல்லி 1 பலம், பெருஞ்சீரகம் கால் பலம், கசகசா 1 கரண்டி, பட்டை, மராட்டி மொக்கு 2, கல்பாசி கொஞ்சம். வறுத்து மைய அரை. வெங்காயம் சுருள வதக்கி மசாலா போட்டு எண்ணெய் பிரியக் கிண்டு. தேங்காய்ப் பூ ஒரு கை அரைத்து விடு. உப்பு திட்டமாக."

அவ்வளவுதான் மொத்தமும். வீசையும் பலமும் புரியாததால் குத்துமதிப்பாக ஒரு கிலோ கோழிக்குச் செய்து பார்த்தேன். கல்பாசி இங்கே ஒரு கடையில் கிடைத்தது, பார்க்கக் காய்ந்த சருகு மாதிரி இருந்ததால் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். குழம்பு கறுத்து, கசந்து, ஈர மண் வாசம் அடித்தது, ரூமில் ஒருத்தனும் தொடவில்லை. அதற்கு முன்னால் எண்ணெய் பிரியட்டும் பிரியட்டும் என்று நாற்பது நிமிஷம் கிண்டியிருக்கிறேன் (நான்ஸ்டிக் சட்டி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய்), கடைசிவரை பிரியவே இல்லை, மசாலா தீய்ந்ததுதான் மிச்சம்.

இன்னும் சில சந்தேகம். பெருஞ்சீரகம் என்றால் பெரிய சைஸ் சீரகமா? தேங்காய்ப் பூ என்றால் சென்னையில் தள்ளுவண்டியில் வெள்ளையாகப் பந்து மாதிரி விற்கிறார்களே, அதுவா? கசகசா இங்கே எந்தக் கடையிலும் இல்லை, அடுத்த வாரம் சித்தப்பா வருகிறார், ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லட்டுமா?

அபுதாபி வாசி:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் சித்தப்பாவுக்குப் போன் போட்டு கசகசா வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஓப்பியம் செடியின் விதை, அமீரகத்தில் தடை. கடையில் இல்லாததற்கும் அதுதான் காரணம். சவுதியிலும் அப்படித்தான், சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. நம் ஊரில் ஐம்பது கிராம் பாக்கெட்டாகத் தொங்குகிற சாமான்தானே என்று பெட்டியில் வைத்து, விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. கசகசா போடுவது குழம்பு கெட்டிப்படத்தான், ஆறு ஏழு முந்திரியை ஊறவைத்து அரைத்தால் போதும்.

காரைக்குடி மருமகள்:

ஒரு பிடி கல்பாசியா! தம்பி, அது ஐந்து வருஷத்துக்கு உண்டான சாமான். கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு துண்டு, ஒரு கிலோ கறிக்கு அவ்வளவுதான். கல்பாசி இலையும் இல்லை, பூவும் இல்லை, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்கிற ஒன்று. மேல் பக்கம் சாம்பல் பச்சை, அடிப்பக்கம் கறுப்பு. அந்த அடிப்பக்கத்தில் மரப்பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும், கிள்ளி எடுத்து உதறிவிட்டுப் போட வேண்டும். உங்களுக்கு அடித்த மண் வாசத்தில் பாதி நிஜமாகவே மண்ணாக இருக்கும். பச்சையாக முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் எல்லாரும் கூடுதலாகப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் வாசம் கிளம்பும். வடநாட்டார் கடையில் தகட் பூல் என்று கேளுங்கள்.

மராட்டி மொக்கு, கிராம்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அதே வடிவம், சைஸ் பெரிது. இலவ மர வகையில் வருகிற மொட்டைக் காயவைத்தது. கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. (கேட்காமலே ஒன்று சொல்கிறேன், அடுத்த பக்கத்தில் எங்காவது அன்னாசிப்பூ வரும். அதற்கும் அன்னாசிப் பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை பழக்கடையில் போய்க் கேட்டிருக்கிறார்.)

இப்போது எண்ணெய். இரண்டு டீஸ்பூன் ஊற்றிவிட்டு எண்ணெய் பிரியவில்லை என்றால் எப்படிப் பிரியும், இருந்தால்தானே பிரிய! ஒரு கிலோவுக்கு ஒரு குழிக்கரண்டியாவது நல்லெண்ணெய் வேண்டும். வெங்காயத்திலும் அரைத்த மசாலாவிலும் தண்ணீர் இருக்கிறவரை சட்டிக்குள் அது வெந்துகொண்டுதான் இருக்கும், வதங்காது. சத்தத்தைக் கேளுங்கள். முதலில் கொதகொத என்று குழைவாகக் கொதிக்கும், தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் சன்னமாகி சடசட என்று மாறும். அப்போது மசாலா கரண்டியோடு சேர்ந்து ஒரே உருண்டையாகச் சுற்றி வரும், ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் எட்டிப் பார்க்கும். மிளகாயின் பச்சை வாசனையும் அந்த நேரத்தில்தான் போகும். அதற்குள் அடிபிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி கிண்டலாம், தப்பே இல்லை, என் மாமியார் இன்றைக்கும் இரண்டு தடவை தெளிப்பார்.

சுருள வதக்குவது வேறு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆவது ஒரு கட்டம், ஓரம் சிவந்து துண்டு சுருண்டு பாதியாகக் குறைவது அடுத்த கட்டம். உங்கள் அப்பத்தா சொல்வது இரண்டாவதை. சின்ன வெங்காயம் போடுங்கள், பல்லாரி போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

மளிகைக்கடைப் பேரன்:

அளவு கேட்டீர்களே. ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது கிட்டத்தட்ட 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு. 1956-ல் மெட்ரிக் எடைக்குச் சட்டம் வந்து, அப்புறம் படிப்படியாகக் கிலோவுக்கு மாறினார்கள். ஆனால் எங்கள் தாத்தா கடைக்கு அதற்கப்புறமும் ரொம்ப நாள் "ரெண்டு பலம் மிளகு குடுங்க" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

அப்படிப் பார்த்தால் உங்கள் ஒரு கிலோ கோழிக்கு மிளகாய் 12 அல்லது 13 கிராம், மல்லி 25, சோம்பு 6 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், அப்பத்தா குத்துமதிப்பாக எழுதவில்லை என்பது தெரியும்.

படி, ஆழாக்கு வந்தால் மட்டும் உஷார். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்தக் கணக்கு மாறாது, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு (சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி). வீட்டில் அந்தப் பழைய படி இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள், வேறு வழி இல்லை.

பருத்தித்துறைக்காரி:

பெருஞ்சீரகம் என்றால் சோம்பு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் பெருஞ்சீரகம் என்றுதான் சொல்லுவோம், நீங்கள் வெறுமனே சீரகம் என்பது எங்களுக்குச் சின்னச்சீரகம். சோம்பு என்ற சொல்லே எனக்குச் சென்னைக்கு வந்த பிறகுதான் பழக்கம்.

தேங்காய்ப் பூவும் அப்படித்தான், எங்களுக்கு அது துருவின தேங்காய், புட்டுக்குப் போடுவது. உங்கள் அப்பத்தா சொல்வதும் அதைத்தான். வண்டியில் விற்பது முளைவிட்ட தேங்காய்க்குள் வருகிற பூ, அதை அரைத்துக் குழம்பில் விட்டால் இனிப்புப் பஞ்சு மாதிரி இருக்கும், ஒரு பிடி கல்பாசியைவிட மோசமாகப் போயிருக்கும் 😄 நல்ல காலம் கேட்டீர்கள்.

ஷார்ஜா சமையல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா ஏற்கனவே பெட்டியில் வைத்துவிட்டாராம், எடுத்து வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி செய்தேன். தராசில் நிறுத்து, கல்பாசி இரண்டே துண்டு, நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி. சத்தம் மாறுவது நிஜமாகவே கேட்கிறது அக்கா! பதினெட்டாவது நிமிஷம் என்று நினைக்கிறேன், எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிட்டுச் சட்டி பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், ரூம்மேட் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்பத்தா குழம்பு அளவுக்கு வரவில்லை, ஆனால் சட்டி காலி.

இப்போது தம்பி அடுத்த பக்கத்தை அனுப்பியிருக்கிறான். அதிரசம். "பாகு தக்காளிப் பதம் வந்ததும் இறக்கு" என்று இருக்கிறது. வெல்லப் பாகில் தக்காளி எங்கிருந்து வந்தது?

காரைக்குடி மருமகள்:

தக்காளி போடக் கூடாது தம்பி, தொட்டுப் பார்க்கத்தான்! ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு அதில் விட்டு விரலால் கூட்டுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. திரண்டு, பழுத்த தக்காளியை அழுத்துகிற மாதிரி மெத்தென்று இருந்தால் அதுதான் பதம், உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தாண்டிப் போய் உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வந்தால் அது கடலை உருண்டைப் பாகு, அதில் அதிரசம் சுட்டால் பல்லுக்கு வேலை.

தெர்மாமீட்டர் இருந்தால் 112-லிருந்து 116 டிகிரிக்குள் பிடியுங்கள், ஆனாலும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள். மாவுக்குப் பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் லேசாகத் தெரிகிறபோதே அரைக்க வேண்டும், கடையில் விற்கிற காய்ந்த மாவு சரிப்படாது. வெல்லமும் பாகு வெல்லமாக இருக்க வேண்டும். அது அங்கே கிடைக்குமா தெரியவில்லை, சித்தப்பா பெட்டியில்தான் இப்போது ஒரு பாக்கெட் இடம் காலியாக இருக்குமே.