ஜெஃப் பெக், ஹாலிவுட் பௌல் 2016: பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இங்கிலாந்து ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் ஹாலிவுட் பௌல் கச்சேரியைப் பற்றி இங்கே யாராவது எழுதியிருப்பார்கள் என்று தேடினேன், ஒன்றும் இல்லை, சரி நானே ஆரம்பிக்கிறேன். 2016 ஆகஸ்ட் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் திறந்தவெளியில் நடந்த கச்சேரி இது, மறு வருடம் அக்டோபரில் டிவிடியாகவும் புளூரேயாகவும் வந்தது. ஐம்பது வருட இசை வாழ்க்கையைக் கொண்டாட நடத்தியது, அன்றைக்கு அவருக்கு 72 வயது.

கல்லூரி நாட்களிலிருந்து இவரைக் கேட்டு வருகிறேன், ஆனால் எல்லாம் காதோடு சரி. ஒரு முழுக் கச்சேரியைப் பெரிய திரையில் உட்கார்ந்து பார்த்தது இப்போதுதான். அவர் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசிப்பதில்லை, எண்பதுகளிலேயே அதை விட்டுவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த வலது கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் விளங்குகிறது. கட்டைவிரல் கம்பியை மீட்டுகிறது, சுண்டுவிரல் வால்யூம் குமிழை விட்டு நகர்வதே இல்லை, மிச்ச விரல்களுக்கு நடுவில் வாமி பார், அதாவது ஆட்டினால் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. கம்பியை மீட்டும் நொடியில் சத்தத்தை மூடி வைத்து, பிறகு மெதுவாகத் திறக்கிறார், அதனால் மீட்டிய அடையாளமே இல்லாமல் சுரம் எங்கிருந்தோ எழுந்து வருகிறது. இத்தனை வருடமாக இதையெல்லாம் காலடியில் இருக்கும் ஏதோ ஒலி மாற்றும் பெடல் செய்கிற வேலை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு இந்தக் கையைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

'காஸ் வீவ் எண்டட் அஸ் லவர்ஸ்' வரும் இடத்தில் நான் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். ஸ்டீவி வொண்டர் எழுதிய பாட்டு, ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் 1975இல் பெக் வார்த்தையே இல்லாமல் வாசித்தது. நாற்பது வருடத்துக்கு மேல் மேடையில் வாசித்துத் தேய்ந்திருக்க வேண்டிய பாட்டு, தேயவில்லை, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அன்றைக்குத்தான் யோசித்தது மாதிரி எதையோ செய்துவிட்டுப் போகிறார்.

நீங்கள் எங்கே, யாரோடு பார்த்தீர்கள், எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது? எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் இதை அப்பாவோடு பார்த்தேன். அப்பா வயலின் வாத்தியார், கர்நாடக சங்கீதம்தான் அவருக்கு எல்லாம், ராக் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார். அன்றைக்கு என்னவோ செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ரிமோட்டை வாங்கி ஒரு இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். "இவர் சுரத்துக்கு நேராகப் போக மாட்டேங்கிறார் பாரு, கீழேயிருந்து தடவிக்கிட்டே போறார், போய்ச் சேர்ந்த இடத்துலயும் நிக்க மாட்டேங்கிறார்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு கிட்டார்காரருக்கு இவ்வளவு பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

இதைக் கமகம் என்று சொல்லிவிட அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்முடைய கமகத்துக்கு ராகம் என்கிற வீடு இருக்கிறது, எந்தச் சுரம் எவ்வளவு அசையலாம் என்று அது சொல்லும். பெக்குக்கு அந்த வீடு கிடையாது, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையில் இருக்கும் அழுகைதான் அவருக்கு வழி. ஆனாலும் தேடல் ஒன்றுதான்: கழுத்தில் கட்டை (ஃபிரெட்) போட்ட ஒரு கருவியில், இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கிற இடத்தையும் குரல் மாதிரி பாட வைப்பது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் வழக்கமான ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளாக மாற்றிக்கொண்டது இதற்காகத்தானே.

இந்தப் பக்கத்து இசையை நோக்கி பெக் முன்னாலேயே கை நீட்டியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கச்சேரியில் 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' வருகிறது இல்லையா, 1965இல் பெக் அப்போது இருந்த யார்ட்பேர்ட்ஸ் குழு அதைப் பதிவு செய்தபோது சிதார் கலைஞரை வரவழைத்தார்கள். சிதாரின் ஒலி அந்தப் பாட்டுக்கு மெலிதாகப் போய்விட்டது என்று, பெக் அதே சொற்றொடரைக் கிட்டாரில் ஃபஸ் என்கிற கரகரப்பான ஒலி போட்டு வாசித்தார், அதுதான் இசைத்தட்டில் நின்றது. 2001இல் இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளி இசைக்கலைஞர் நிதின் சாஹ்னியின் 'நாடியா'வை எடுத்து, அதில் இருக்கும் இந்துஸ்தானிக் குரலைக் கிட்டாரில் அப்படியே கொண்டுவந்தார். அப்பாவுக்கு மறுநாள் அதைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றார்.

* * *

எனக்கு இதில் ஒரே குறை, விருந்தாளிகள் கூட்டம். பில்லி கிப்பன்ஸ், ஸ்டீவன் டைலர், ஜிம்மி ஹால், ஜான் ஹேமர், பெத் ஹார்ட், பட்டி கை என்று வரிசையாக வருகிறார்கள், நடுவில் பெக் தனியாக வாசிக்கும் நேரம் குறைந்துபோகிறது. கொண்டாட்டம் என்றால் நண்பர்கள் வரத்தான் செய்வார்கள், புரிகிறது, ஆனால் நான் பார்க்க வந்தது அவரை. கீபோர்டு கலைஞர் ஜான் ஹேமர் வந்ததும் வேகம் கூடுகிறது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு மோதிப் பழகியவர், 'புளூ விண்ட்' அவர் எழுதியதுதான், எழுபதுகளில் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தவர்கள். கீபோர்டும் கிட்டாரும் கேள்வி பதில் மாதிரி போகும் அந்த இடங்களை மட்டும் நான் அடிக்கடி ஓட்டிப் பார்க்கிறேன்.

* * *

மேலே எழுதியவருக்கு: புளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கையை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள் சார், தயவுசெய்து. கணக்கைப் பாருங்கள். ஜூலை 30ஆம் தேதிதான் அவருக்கு 80 வயது நிறைந்தது, இந்தக் கச்சேரி ஆகஸ்ட் 10. அந்தக் கோடையில் அவரும் பெக்கும் சேர்ந்தே அமெரிக்கா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போன விருந்தாளி இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கும் 'லெட் மீ லவ் யூ'வின் கதை இன்னும் பெரியது. அறுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பட்டி கை பதிவு செய்த ஒரு பாட்டிலிருந்து பிறந்ததுதான் 1968இல் பெக்கின் முதல் ஆல்பத்தில் ராட் ஸ்டூவர்ட் பாடியது. எழுதியவர் பெயராக அதில் போட்டிருந்தது பெக், ராட் இருவரையும் குறிக்கும் ஒரு பெயர். பட்டி கையின் பெயரும் இல்லை, முதல் பாட்டை எழுதிய வில்லி டிக்ஸனின் பெயரும் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து ராக் குழுக்கள் பல இப்படித்தான் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை எடுத்துக்கொண்டன, இது எனக்கு இன்னும் உறுத்தும் விஷயம். ஆனால் அதே பாட்டை, அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் வாசிக்கும்போது பெக் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாசிப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

நான் கிட்டார் கற்றுக்கொண்டிருப்பவன், அதனால் இன்னொன்று. வாமி பாரை இவ்வளவு முரட்டுத்தனமாக ஆட்டினால் சாதாரண கிட்டார் ஒரு பாட்டுக்குள் சுருதி விலகிவிடும். அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கழுத்தின் தலைப்பில், கம்பி உட்காரும் நட் இருக்கிறதே, அது உருளை வைத்தது. கம்பி எங்கேயும் சிக்காமல் வழுக்கிப் போய்த் திரும்பி வருகிறது. கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் கிட்டாரின் உடம்போடு ஒட்டாமல் மிதக்க விட்டிருக்கிறார், அதனால் சுரத்தை இறக்க மட்டுமில்லை, ஏற்றவும் முடியும். ஆனால் அதே கிட்டாரை என் கையில் கொடுத்தாலும் அந்தச் சத்தம் வராது. பாரை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சுருதி இறங்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அங்கே கட்டையும் கிடையாது, கோடும் கிடையாது. என் மாஸ்டர் ஒரே ஒரு வரியைக் கொடுத்து, பாரால் மட்டும் வாசித்து வா என்றார். ஒரு மாதமாக அதில்தான் இருக்கிறேன். வயலின் வாத்தியார் அப்பாவைப் பற்றி எழுதிய அக்காவுக்கு நன்றி, அதைப் படித்தபிறகு எதைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகிவிட்டது.

* * *

தம்பி, நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்து சேர்ந்திருந்த காலம். ஹாலிவுட் பௌல் மலைச்சரிவைக் குடைந்தது போன்ற ஒரு இடம், கீழே மேடைக்குப் பின்னால் வெள்ளை வளைவுகள் அடுக்கடுக்காக இருக்கும், அங்கிருந்து மேலே மேலே பெஞ்சுகள் ஏறிக்கொண்டே போகும், ஏறத்தாழ 17,500 பேர் உட்காரலாம். எனக்கு டிக்கெட் கிடைத்தது மேலே, ரொம்ப மேலே. அங்கிருந்து பார்த்தால் ஜெஃப் பெக் கட்டைவிரல் உயரம். பக்கவாட்டுத் திரைகள் உண்டு, ஆனால் திறந்தவெளியில் கண் திரைக்கும் மேடைக்கும் ஆட்களுக்கும் மலைக்கும் அலைந்துகொண்டே இருக்கும்.

அங்கே எனக்குக் கிடைத்தது வேறு. 'எ டே இன் த லைஃப்' வாசிக்கிறார், பீட்டில்ஸ் பாட்டு. அவர்கள் 1964லும் 1965லும் இதே பௌலில் பாடியவர்கள், ஆனால் இந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாடியதில்லை, ஏனென்றால் 1966இலேயே சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள், பாட்டு வந்தது 1967இல். பெக் இதற்காக 2010இல் கிராமியே வாங்கியிருக்கிறார். நடுவில் அந்த இசை மலை மாதிரி ஏறிக்கொண்டே போகும் இடம் வந்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லி எழவில்லை. மொழி தெரியாத பாட்டி ஒருவர் கூட்டி வந்த பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன்.

அவர் கையை நான் பார்த்தது மறு வருடம் டிவிடி வாங்கிய பிறகுதான். நேரில் கேட்ட அதே வரிகள், இப்போது விரல் தெரிகிறது. நான் மேலே உட்கார்ந்து ஆம்ப் (ஒலிபெருக்கி) செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ, சுண்டுவிரல் செய்திருக்கிறது! நேரில் போனவனுக்கு வீடியோ எதற்கு என்று என் மனைவி கேட்டாள், உட்கார வைத்துக் காட்டினேன்.

* * *

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கடைசிப் பகுதியை மறுபடி பார்த்தேன். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' கடைசிப் பாட்டு. 2016 ஏப்ரல் 21ஆம் தேதி பிரின்ஸ் இறந்தார், நாலு மாதம் கூட ஆகவில்லை. அன்றைக்குப் பெக்குக்கு பேஸ் கிட்டார் வாசித்த ரோண்டா ஸ்மித், பல வருடம் பிரின்ஸின் குழுவில் வாசித்தவர். இது தெரிந்தபிறகு பெத் ஹார்ட் பாடும்போது நான் பாடுகிறவரைப் பார்க்கவில்லை, ரோண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசிறில்லாமல், அவசரமில்லாமல், பாட்டைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டு வாசிக்கிறார்.

பெக்கும் 2023 ஜனவரியில் போய்விட்டார், மூளைக்காய்ச்சல், 78 வயது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் ஆடியோதான் போட்டுக் கேட்டேன், இந்த வீடியோ அப்போது என்னிடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விருந்தாளிகள் அதிகம் என்று சொன்ன நண்பருக்கு: நீங்கள் 2007 ரோனி ஸ்காட்ஸ் வீடியோவைப் பாருங்கள். லண்டனில் ஒரு ஜாஸ் கிளப், சின்ன இடம், வின்னி கொலையூட்டா ட்ரம்ஸ், டால் வில்கன்ஃபெல்ட் பேஸ், பெரும்பாலும் பெக்தான். கேமரா அங்கே கைக்கு இன்னும் கிட்டத்தில் போகிறது. யாராவது இரண்டு வீடியோவையும் ஒப்பிட்டு எழுதினால் படிக்க ஆசை, முக்கியமாக அந்த அக்காவின் அப்பா என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும்.