சினை ஆட்டையே குறிவைத்து முட்டும் கொடி ஆடு

விளாத்திகுளம் பக்கம். பட்டியில் மொத்தம் 8 பெட்டை, கிடா இல்லை. அதில் கரும்போரைக் கொடி இன ஆடு ஒன்று (வெள்ளையில் கருப்புத் திட்டு; 4 பல், அதாவது 2 வயது போல; நல்ல கொம்பு), புதிதாக வாங்கிய கன்னி இன ஆட்டைத் தீவனத் தொட்டியை அண்டவே விடுவதில்லை. கன்னிக்குக் கொம்பு கிடையாது. 4 மாதச் சினை. வந்து 3 வாரம் ஆகிறது.

புது ஆடு வந்தால் நாலைந்து நாள் முட்டிப் பார்த்து, யார் பெரியவள் என்று முடிவாகிவிடும். பிறகு ஒரு முறைப்பே போதும். இங்கே கன்னி ஒதுங்கிப் போன பிறகும் விடவில்லை. நேருக்கு நேர் மோதினால்கூடப் பரவாயில்லை, பக்கவாட்டில் வந்து விலாவில் குத்துகிறது. கரு கலைந்துவிடும் என்பதுதான் பயம். வைக்கிற 250 கிராம் அடர்தீவனத்தில் பாதிகூடக் கன்னிக்குச் சேர்வதில்லை.

தொட்டியை இரண்டாக்கி 10 அடி தள்ளி வைத்தாயிற்று. மகராசி இரண்டுக்கும் ஓடுகிறாள். அகத்திக் குழையை நாலு இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலை. கொம்பு நுனியில் சொருகிய ரப்பர் குழாயை ஒரே ராத்திரியில் சுவரில் தேய்த்துக் கழற்றிவிட்டது. கொம்பை அறுப்பதாக இல்லை, உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறது. கொடியை 5 நாள் தனியே அடைத்துவிட்டால் இரண்டு நாள் அடக்கம், மறுபடி அதே கதை. கன்னியைத் தனியே கட்டினால் ஓயாமல் கத்துகிறது, இரையும் எடுப்பதில்லை.

சாதுவான இன்னொரு பெட்டையைத் துணைக்கு விட்டுக் கன்னியைத் தனியாக அடைத்தால், குட்டி போட்டு எத்தனை நாள் கழித்து மந்தையில் சேர்க்கலாம்?