மழைக்கோட்டு போட்டதும் என்னைத் தெரியாமல் போன கோழிகள்

எட்டு மாதமாக ஐந்து கோழிகளுக்கும் காலைத் தீனி போடுவது நான்தான். தாழ்ப்பாளில் கை வைத்தாலே காலைச் சுற்றிக்கொள்ளும். போன வாரம் நல்ல மழை. புதிதாக வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டு, அதன் தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததுதான் தாமதம், ஐந்தும் எதிர்ப்பக்கக் கம்பிவலையில் போய் மோதின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்துவிட்டன. கையில் இருந்ததோ அதே தகரக் குவளை, அதே தீனி.

கருப்பி மட்டும் ஓடவில்லை. கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, இடது கண்ணால் என்னை அளந்துகொண்டிருந்தாள். "அடியே, நான்தான்" என்றேன். நீண்ட கழுத்து பாதி இறங்கியது. ஒரு காலைத் தூக்கினாள், ஆனால் முன்னால் வைக்கவில்லை. கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது, எதை நம்புவது என்ற நிலை. மறுபடி பேசினேன். மூடியைப் பின்னால் தள்ளினேன். அப்புறம்தான் வந்தாள், அவளைப் பார்த்து மற்றவையும் வந்தன. கவனியுங்கள், கோட்டு அப்போதும் என் உடம்பில்தான் இருந்தது.

அன்று காலையில் இட வேண்டிய முட்டையைக் கருப்பி சாயங்காலம்தான் இட்டாள். பழுப்பு ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் பொடி. பயந்த கோழி முட்டையை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டால் ஓட்டின் மேல் இப்படிக் கூடுதல் சுண்ணாம்பு படியும். ஒரு கோட்டுக்கு இவ்வளவா? உங்கள் வீட்டில் எப்படி?

* * *

என் வீட்டில் சட்டை நிறத்தைப் பற்றி எதுவும் கவலைப்படுவதில்லை. கோடு போட்டது, கட்டம் போட்டது, கிழிந்தது என எதைப் போட்டாலும் சரி. ஆனால் தொப்பி போட்டால் தீர்ந்தது. வெயிலுக்கு அகல விளிம்புத் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சேவல் மெல்லியதாக, நீளமாக ஒரே ஒரு குரல் கொடுத்தது. நாய் வந்தால் போடும் கொக்-கொக்-கொக் என்ற கூச்சல் இல்லை, பருந்துக்கான குரல். பெட்டைகள் எல்லாம் செடிக்கு அடியில் ஓடிப் பதுங்கிவிட்டன. மேலே அண்ணாந்து பார்த்தேன், வானத்தில் ஒன்றும் இல்லை. பருந்து நான்தான்.

அதே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தலையில் வைத்தேன், மறுபடி ஓட்டம். ஆகவே என் கணக்கு, அவற்றுக்கு ஆள் என்றால் முதலில் தலைதான். கோழிகள் ஒன்றையொன்று அறிவதும் அப்படித்தானே? 1953இல் கூல், ஆர்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோழிகளின் இறகுக்குச் சாயம் பூசியும் கொண்டையின் தோற்றத்தை மாற்றியும் பார்த்தார்கள். தலையும் கழுத்தும் மாறியபோதுதான் கூட்டாளிகளுக்கு அடையாளம் அதிகம் குழம்பியது. உங்கள் கோட்டில் குற்றவாளி அந்தத் தலைமூடி.

கருப்பி இடது கண்ணால் பார்த்ததும் தற்செயல் இல்லை. ஆபத்தை நோட்டம் விட இடது கண், கூழாங்கல்லுக்கு நடுவே தானியத்தைப் பொறுக்க வலது கண் என்று கோழிகள் வேலையைப் பிரித்து வைத்திருக்கின்றன. வலது கண்ணைத் திருப்பினால் உங்கள் கைக் குவளையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

* * *

எல்லாம் தலைதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் சேவலுக்குப் பகை என் கறுப்பு ரப்பர் பூட்ஸ்மேல். செருப்போடு போனால் பக்கத்தில் வந்து மேயும். பூட்ஸோடு போனால் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓர் அரை வட்டம் போடும், அப்புறம் பாய்ச்சல். முழங்காலுக்குக் கீழே கால்முள் கீறிய தழும்பு இரண்டு இருக்கிறது.

யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. காலில் இருந்த செதில்பூச்சிக்கு மருந்து போட ஒருநாள் அவனைத் தலைகீழாகத் தூக்கினேன் (அப்படித் தூக்கவே கூடாது, தப்பு என்னுடையது). தலைகீழாகத் தொங்கிய அந்த இரண்டு நிமிடமும் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது அந்த பூட்ஸ். பிறகு என் மனைவி அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாள், அவளையும் துரத்தினான். கழற்றிவிட்டுப் போனாள், சாது. இது ஆள் தெரியாத பயம் இல்லை. அந்தப் பொருளோடு ஒட்டிய பழைய கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பயத்துக்குப் பேச்சு மருந்தாகும். கோபத்துக்கு நான் பேசிப் பார்த்தேன், இன்னும் வேகமாக வந்தான்.

* * *

என் அனுபவம் சின்னது. கால் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு செருப்போடு போனேன். ஆறு கோழிகள், பத்து நகங்கள். சட்டையில் மினுக்கும் பொத்தான் இருந்தாலும் இதே கதி. பயம் எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது, பசிதான்.

* * *

சட்டை நிறம் பொருட்டில்லை என்றவருக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஒரே மாதிரி இரண்டு வெள்ளைச் சட்டைகள் உண்டு. ஒன்று பழசு, இன்னொன்று புதிய சலவைத்தூளில் துவைத்தது. என் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. புதிதாய்த் துவைத்ததைப் போட்டால் மட்டும் இரண்டு கோழிகள் ஒதுங்கிப் போகின்றன. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு, அதில் ஒன்று ஊதாவைத் தாண்டிப் புறஊதாப் பக்கமும் எட்டிப் பார்க்கும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளோ புறஊதாக் கதிரை விழுங்கி நீல ஒளியாக வெளியே விடுவது. நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவது அவற்றுக்கு இரண்டு நிறமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். வாசனையாகவும் இருக்கலாம், அதையும் தள்ளிவிட மாட்டேன்.

* * *

மழைக்கோட்டுக்காரன் மறுபடி வந்தேன். தலைமூடி என்று சொன்னவர் சொன்னது சரி. மூடி இல்லாமல் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு, பத்தடி முன்னாலிருந்தே பேசிக்கொண்டு போனேன். மூலைக்கு ஓடவில்லை. ஆனால் கையை வீசினால் சரசரவென்று ஒரு சத்தம் வருகிறதே, அதற்கு மட்டும் துள்ளின. அதனால் கோட்டைக் கூட்டுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன். முதல் நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் காற்றில் ஆடும்போது மட்டும் விலகின. மூன்றாம் நாள் ஆணியிலிருந்து எடுத்துக் கதவின் மேல் மடித்துப் போட்டேன், தீனியையும் அதற்கடியிலேயே வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கோட்டின் தோள்பட்டையில் ஏறி உட்கார்ந்திருந்தாள் கருப்பி. இரவெல்லாம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், முதுகுப் பக்கம் முழுக்க எச்சம். துவைக்கலாமென்று வாளியில் சலவைத்தூளைப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.