லோடு ஏற்றினால் பாலத்தில் நின்றுவிடும் பழைய ஹைலக்ஸ்: பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

முடோன் பாக்கு வண்டி எழுதியது:

வணக்கம். அப்பா வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.8 லிட்டர் டீசல், ‘த்ரீ எல்’ என்கிற மாடல் எஞ்சின். பர்மாவில் முடோனில் பாக்கு மூட்டை ஏற்றி மோல்மேன் வழியாகத் தட்டோனுக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் பிழைப்பு. காலியாக ஓட்டினால் ஒரு குறையும் கிடையாது. 600 வீசை (பர்மா வீசை, கிட்டத்தட்ட ஒரு டன்) ஏற்றிவிட்டால் சால்வின் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை உலுக்கி, அப்படியே அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு, ஃபில்டர் மேலே இருக்கிற கைப்பம்ப்பை அடித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது, ஆனால் அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. ஃபில்டரை ஒரே மாதத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டேன். மெக்கானிக் டீசல் பம்ப் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிறார். அதற்குச் சொல்லும் தொகை இந்தப் பருவத்துப் பாக்கு வாடகை முழுவதையும் விழுங்கிவிடும். மாற்றியும் நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் கேட்கிறேன்.

பெகு ராஜா எழுதியது:

தம்பி, நிற்பதற்கு முன்னால் புகை எப்படி வருகிறது? கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், நம் செம்மண் ரோட்டில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புகையே இல்லாமல் சுருதி இறங்கி நின்றால் டீசல் போதவில்லை. அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவே இல்லாமல் தீர்ந்துவிடும்.

முடோன் பாக்கு வண்டி எழுதியது:

புகை இல்லை அண்ணே. மூடியையும் திறந்து பார்த்தேன், சத்தம் வரவில்லை. மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டினேன், அப்போதும் நின்றது.

தௌனா டிரைவர் எழுதியது:

பம்ப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். உங்கள் வண்டி பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு நன்றாக ஓடுகிறது, அதுதான் எனக்குத் துப்பு. இந்த எஞ்சினில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடத் தனி பம்ப் எதுவும் இல்லை. மேலே இருக்கிற டீசல் பம்ப்பே, வண்டிக்கு அடியில் இருக்கிற டேங்கிலிருந்து அத்தனை நீளக் குழாய் வழியாகத் தானே உறிஞ்சி எடுக்கிறது. டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அதில் அழுக்கு படிந்திருந்தால் காலி வண்டிக்கு வேண்டிய கொஞ்சம் டீசல் எப்படியோ வந்துவிடும். லோடோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது உறிஞ்சல் கூடி, அழுக்கு மொத்தமும் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் உறிஞ்சலும் நிற்கும், அழுக்கு உதிர்ந்து கீழே போய்விடும். பத்து நிமிடக் கணக்கு அதுதான். 2015இல் புதுப் பாதை திறப்பதற்கு முன்னால் தாய்லாந்து எல்லையில் இருக்கிற மியாவடிப் பக்கம் மலை ரோட்டில் ஒரு நாள் ஏறுகிற வண்டி, மறுநாள் இறங்குகிற வண்டி என்று முறை வைத்து விடுவார்கள். நடு மலையில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அப்படி நின்ற வண்டிகளில் நான் கண்ட பாதிக் கோளாறு டீசல் உறிஞ்சுகிற பக்கத்தில்தான் இருந்தது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, வண்டி நின்றவுடன், எதையும் தொடாமல், முதலில் கைப்பம்ப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். அது மேலே எழும்பாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அடித்தாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ ஏர் எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு இருந்தால் வெளியே டீசல் கசியவே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது கேன் சோதனை. 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காலடியில் நன்றாகக் கட்டிவிடுங்கள். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி கேனுக்குள் விடுங்கள். பம்ப்பிலிருந்து மிச்சமாகித் திரும்பி வருகிற டீசலுக்கும் ஒரு ஹோஸ் போட்டு அதே கேனில் விடவேண்டும், மறக்காதீர்கள். சைலன்ஸர் பக்கம் போகாமல் ஹோஸ்களைக் கட்டுங்கள். அதே லோடு, அதே பாலம். நிற்காமல் ஏறினால் பம்ப் நல்ல பம்ப்.

தட்டோன் ஒயர்மேன் எழுதியது:

அண்ணன் சொல்வது சரி, நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இருந்தாலும் டீசல் பம்ப்பில் எஞ்சினை அணைக்கிற சொலினாய்டுக்கு (மின்சாரத்தில் வேலை செய்கிற வால்வு) போகும் ஒற்றை ஒயரையும் அசைத்துப் பாருங்கள். என் டைனா லாரியில் அந்த முனை தளர்ந்து, லோடில் எஞ்சின் உதறும்போது தொடர்பு விட்டுப் போனது. ஆனால் அது சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே அடியாக நிற்கும், உங்களுடையதைப் போல உலுக்கி உலுக்கி நிற்காது.

பெகு ராஜா எழுதியது:

எல்லோரும் எஞ்சினைப் பேசுகிறோம், பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சுற்றுவது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. இரண்டு மிதி வரை பிரேக் லேசாக இருக்கும், அப்புறம் கல் மாதிரி இறுகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் ஏற்றத்தில் அணைந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே மிதியாகப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பின் சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு மரக்கட்டை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். கூட ஒரு ஆள் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

முடோன் பாக்கு வண்டி எழுதியது:

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் நின்ற இடத்திலேயே பொத்தானை அழுத்தினேன், உள்ளே போன பொத்தான் மேலே வரவே இல்லை! மறுநாள் கேனைக் கட்டி அதே மூட்டைகளோடு போனோம். தம்பி ஹோஸையே பார்த்துக்கொண்டு வந்தான், ஒரு குமிழி கூட இல்லை, மூன்றாவது கியரிலேயே பாலம் முழுக்க ஏறி அக்கரையில் இருக்கிற மொத்தமா ஊர்ப் பக்கம் இறங்கிவிட்டோம்.

நேற்று டேங்கை இறக்கினோம். சல்லடை இருக்கிற இடமே தெரியவில்லை, கறுப்பாக, ஊறின பாசி மாதிரி வழவழவென்று மூடியிருந்தது, விரலால் வழித்தால் ஜெல்லி மாதிரி வந்தது. அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி வைத்தோம், காலையில் கீழே கால் பாட்டில் தண்ணீர், மேலே டீசல், நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்பு வரி. மழைக்காலத்தில் பெட்ரோல் பங்கில் டீசல் கிடைக்காத நாட்களில் டிரம்மில் விற்கிறவரிடம் வாங்கி ஊற்றினோம், அங்கிருந்து வந்திருக்கலாம்.

தௌனா டிரைவர் எழுதியது:

நல்லது தம்பி. பாசி மாதிரி இருக்கிற அந்தக் கிருமி தண்ணீரும் டீசலும் சேருகிற வரியில்தான் வளரும், தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வு இல்லை. டேங்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், டீசலாலேயே இரண்டு மூன்று தடவை அலசி வெயிலில் காயவிடுங்கள். சல்லடை எரிச்சலாக இருக்கிறது என்று சிலர் பிடுங்கி எறிவார்கள், அதைச் செய்யவேண்டாம். டேங்க் தலையில் இருக்கிற துண்டு ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள், முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் கிளாம்ப்போடு புதிதாகப் போடுங்கள். டேங்கை இறக்கியிருக்கும்போது செய்யாவிட்டால் அதற்காகவே இன்னொரு நாள் இறக்கவேண்டி வரும். ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அதன் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை வடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு தடவை.

முடோன் பாக்கு வண்டி எழுதியது:

ஹோஸில் நீங்கள் சொன்ன மாதிரியே வெடிப்பு இருந்தது ஐயா, மாற்றிவிட்டேன். இன்றைக்கு 650 வீசை ஏற்றிக்கொண்டு தட்டோன் வந்து சேர்ந்தேன். அந்தக் கண்ணாடி ஹோஸைக் கழற்றாமல் ஃபில்டர் வாயில் ஒரு சாண் விட்டுவைத்திருக்கிறேன், ஒரு வாரம் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன்.