பெரு, ஹுவாரஸ்: எட்டு நாளில் பிஸ்கோ ஏற முடியுமா?

கேள்வி

நண்பர்கள் நான்கு பேர் ஜூலையில் பெரு போகிறோம். லிமாவில் இறங்கியதும் இரவு பஸ் பிடித்து ஹுவாரஸ் என்ற மலையூர், ஒரு நாள் ஓய்வு, அப்புறம் நேராக நெவாடோ பிஸ்கோ பனிச்சிகரம் (5,752 மீட்டர்). கையில் மொத்தம் எட்டு நாள்தான். எங்களில் இரண்டு பேர் மாரத்தான் ஓடுகிறவர்கள். ஒருவன் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான், மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அவனை நினைத்துத்தான் கவலை. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த மாரத்தான்காரர்களைப் பற்றி. லிமா கடல் ஓரம், ஹுவாரஸ் 3,000 மீட்டருக்கு மேல். ஒரே ராத்திரியில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அவ்வளவு உயரம் போய்விடுகிறீர்கள். உடம்புக்கு அது தெரியவே இரண்டு நாள் ஆகும், அதற்குக் கால் பலமெல்லாம் உதவாது.

நாங்கள் போனபோது மூன்றாம் நாளே லகுனா 69 என்ற ஏரிக்கு (4,600 மீட்டர்) ஏறினோம். ஜிம்மே கதியென்று கிடப்பவன் எங்களுக்கு முன்னால் வேகமாகப் போய், ஏரிக்கரையில் பாறைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பூவுக்குப் பூ நின்று படம் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தவன், அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தபடி ரொட்டியும் சீஸும் சாப்பிட்டான், எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான், எனக்குத்தான் இறங்கவில்லை.

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 3,000-க்கு மேல் இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். எட்டு நாளைப் பன்னிரண்டாக்க முடியாதென்றால் பிஸ்கோவை விட்டுவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. பிஸ்கோவில் இன்னொரு தொல்லையும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. தங்குமிடத்துக்கு மேலே பனியாறு பின்வாங்கி விட்டுப்போன பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. நள்ளிரவு தாண்டி, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஆடுகிற பாறைகளில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். பனியைவிட அதுதான் எங்களை வாட்டியது. உச்சியிலிருந்து வந்து களைத்த காலோடு அதே கல்லில் திரும்ப நடக்கும்போது வாயில் நல்ல வார்த்தை வராது.

வாடகைக்கு எடுக்கும் பூட்ஸ், கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்) இரண்டையும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த கிராம்பானின் வார் அறுந்திருந்தது, பனியின் ஓரத்தில் உட்கார்ந்து, விரல் மரத்துப்போன நிலையில், கயிற்றால் கட்டினேன்.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை டாக்டரைக் கேட்டுத்தான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிக்கடி சிறுநீர் போகும், உறைகிற குளிரில் கூடாரத்தின் ஜிப்பைத் திறப்பது ஒரு தனி அனுபவம்!

பதில் 3

என் யோசனை: பிஸ்கோவுக்குப் பதிலாக, அதே மலைத்தொடரில் சாந்தா குரூஸ் நடைப்பயணம். வாகேரியாவில் தொடங்கி கஷபம்பாவில் முடியும், வழக்கமாக நான்கு நாள். மூட்டையைக் கழுதை சுமக்கும். புன்டா யூனியன் கணவாய் 4,750 மீட்டர். அதன் விளிம்பில் ஏறி நின்றால் எதிரே தவுல்லிராஜு சிகரம், கீழே ஏரி. ஹுவாரஸில் முதல் இரண்டு நாள் சும்மா ஊர் சுற்றுங்கள், கோக்கா இலைத் தேநீர் குடியுங்கள், பீரை ஒத்திப்போடுங்கள்.

தலைவலி மாத்திரைக்கும் அடங்கவில்லை, நடை தள்ளாடுகிறது, சும்மா இருக்கும்போதே மூச்சு இரைக்கிறது என்றால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே ஒருவர் துணையோடு கீழே இறங்க வேண்டும். யார் கூடப் போவது என்பதை இங்கிருந்து கிளம்பும் முன்பே பேசி வையுங்கள், அங்கே போய்ப் பேசினால் சண்டைதான் வரும்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. எங்கள் வாட்ஸாப் குழுவில் இதை அப்படியே போட்டேன். மாரத்தான்காரர்கள் இரண்டு பேரும் படித்துவிட்டார்கள், பதிலைக் காணோம். பூசினாற்போல் இருப்பவன் மட்டும், "ரொட்டி, சீஸ் என் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறான். சாந்தா குரூஸ்தான் போகிறோம்.