பதில்: நேரோபோட், லாக், விண்ட்லஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகுக்கும், அதன் வழியில் வரும் லாக்குக்கும் (இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டி) தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படகுக்குப் பெயர் தேடும் முன் லாக்குக்குப் பெயர் தேட வேண்டும். இங்கிலாந்துக் கால்வாய்களில் படகின் அளவை முடிவு செய்ததே லாக்தான்.

> கால்வாய்ப் படகு என்றால் போதாதா? எதற்கு வீண் வேலை?

போதாது ஐயா. கென்னட்-ஏவன் கால்வாயிலும் கிராண்ட் யூனியனிலும் லாக்கின் அகலம் சுமார் 14 அடி. அங்கே 10, 12 அடி அகலப் படகுகளும் ஓடுகின்றன, அவையும் கால்வாய்ப் படகுகள்தாம். நாம் பேசுவது 6 அடி 10 அங்குல அகலப் படகைப் பற்றி. 1766இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் வேலையைத் தொடங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, லாக்கை ஏறத்தாழ 7 அடி அகலம், 72 அடி நீளம் என்று வைத்தார். மிட்லண்ட்ஸ் பகுதியில் அடுத்தடுத்து வெட்டிய கால்வாய்கள் பலவும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டன. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம்தான் இடைவெளி. சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தாலும் சுவரில் உரசும்.

> குறும்படகு – சின்னதாக, அழகாக இருக்கிறது.

குறும்படம், குறுஞ்செய்தி என்று பழகிய காதுக்குக் குறும்படகும் குட்டையான படகாகத்தான் கேட்கும். இதுவோ இரண்டு லாரிகளை வரிசையாக நிறுத்திய நீளத்துக்குப் போகும். ‘ஒடுக்கப்படகு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவசரமாகப் படிப்பவர் அதை ‘ஒடுக்கப்பட்ட’ என்றே வாசிப்பார், வேண்டாம். என் ஓட்டு ஒல்லிப்படகுக்கு. ஒல்லி என்றதும் நெடுநெடுவென்று வளர்ந்த ஆள்தானே கண்முன் வருகிறான்? நீளமும் அதிலேயே வந்துவிடுகிறது.

> ஒல்லி கொச்சை. சங்கச் சொல் ‘பஃறி’ இருக்கிறதே?

பஃறி மேல் எனக்கும் ஆசை உண்டு. பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லோடு வந்த பஃறிகளை லாயத்துக் குதிரைகளைப் போல வரிசையாகக் கட்டிவைத்திருப்பார்கள். குதிரை இழுத்த சரக்குப் படகுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காதுதான். ஆனால் பஃறி பொதுப்பெயர், அகலத்தைப் பற்றி மூச்சு விடாது. ஒல்லி கொச்சையும் இல்லை, அகராதியில் இருக்கிறது. பஃறியை அந்தக் காலச் சரக்குப் படகுக்கு வைத்துக்கொள்ளலாம், மறுப்பில்லை.

> லாக்குக்கு நீர்ப்பூட்டு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

உள்ளது, தெரியும். ஆனால் பூட்டு மூடுவதை மட்டும் சொல்கிறது. இங்கே நடப்பது ஏற்றமும் இறக்கமும். மதகு, மடை, கலிங்கு, கதவணை என்று நம்மிடம் இருப்பவை எல்லாம் தண்ணீரைத் திறக்க, தடுக்க, வழியவிட வந்த சொற்கள். படகைத் தூக்கிவிடும் சொல் அவற்றில் இல்லை. ஆகவே ‘நீர்ப்படி’. இங்கிலாந்தின் டார்டிபிக் என்ற ஊரில் 30 நீர்ப்படிகள் ஒரே படிவரிசையாக 220 அடி ஏறுகின்றன என்று எழுதிப் பாருங்கள், படம் தானாக விரியும். இரண்டு படிகளுக்கு நடுவில் உள்ள நீர்ப்பரப்பு ‘இடைநீர்’. படகைத் திருப்ப அகலப்படுத்திய இடம் ‘திரும்புதுறை’. இவற்றில் சண்டை வராது என்று நம்புகிறேன்.

அதே டார்டிபிக்கின் உச்சியிலிருந்து பர்மிங்காம் நகர நடுவரை சுமார் 14 மைலுக்குப் படியே கிடையாது. வழியில் சில சுரங்கங்கள் உண்டு, அவற்றில் நீளமானது ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீள வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போனபோது இந்த வழியைத்தான் பிடித்தோம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், வாடகைப் படகை இருட்டில் ஓட்டக் கூடாது. மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். படிகளையும் ஏறிக்கொண்டிருந்தால் பகலே அங்கு கரைந்துவிடும். கடைசி நாள் ஆசைக்குச் சில படிகள் இறங்கிப் பார்த்தோம். கதவைத் திறக்கும் நீண்ட மரக்கட்டையில் (இதை ‘உந்துகட்டை’ என்கிறேன்) உறைபனி உப்புப் பூத்தது போல் இருந்தது. காலுக்குப் பிடிமானமாகத் தரையில் வளைவாகச் செங்கற்களை உயர்த்திப் பதித்திருக்கிறார்கள். அதில் காலை ஊன்றி, கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வரும்வரை யானை வந்தாலும் கதவு அசையாது.

அழகு பார்க்காமல், பிழையில்லாமல் சொல் வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேல்கதவின் அடியில் தொட்டிக்குள் துருத்திக்கொண்டு ஒரு மேடை இருக்கும். படகு கீழே இறங்கும்போது பின்புறம் அதில் மாட்டினால், தண்ணீர் வடிய வடிய முன்புறம் மட்டும் தாழ்ந்து, படகு முழுகிவிடும். இதற்குக் ‘கதவடித் திண்ணை’ என்று வைத்திருக்கிறேன். எல்லையைக் காட்டக் கரையோரம் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். ‘கோட்டுக்கு முன்னால் நிறுத்தவும்’ என்று மொழிபெயர்த்தால் போச்சு, எது முன்னால்? ‘பின்புறம் முழுதும் கோட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கம் இருக்க வேண்டும்’ என்று நீட்டியே எழுதுங்கள். இந்த ஒரு வரிக்குச் சுருக்கம் வேண்டாம்.

குளிர்காலப் பயணிக்கு இன்னொரு சொல் தேவை. நவம்பர் முதல் மார்ச் வரை, கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அங்கங்கே கால்வாயை மூடி, நீர்ப்படிகளை வற்றவைத்து, நைந்துபோன ஓக் கதவுகளை மாற்றும். பயணத்தைத் திட்டமிடும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். ‘நிறுத்தம்’ என்று ஒருவர் சொன்னது பேருந்தை நினைவூட்டுகிறது. ‘மராமத்து அடைப்பு’ என்றால் பொதுப்பணித் துறைப் பலகை படித்தவர் யாருக்கும் புரியும். மராமத்து அரபிச் சொல் என்று மல்லுக்கு வர வேண்டாம், சுக்கானும் அப்படி வந்ததுதான்.

> பனியில் கால்வாய் உறைந்தால்?

படகை எடுக்கக் கூடாது. உடைந்த பனித்தகடு கரையில் கட்டியிருக்கும் படகுகளின் தார்ப்பூச்சைச் சுரண்டிவிடும். 1962-63 குளிரில் வாரக்கணக்கில் கால்வாய்கள் இறுகிப்போயின. ஏற்கெனவே நொடித்திருந்த ஒல்லிப்படகுச் சரக்குத் தொழிலுக்கு அது கிட்டத்தட்ட முடிவு கட்டியது. உறைவுக்குப் புதுச்சொல் வேண்டாம், உறைவே போதும்.

மிச்சம் இருப்பது விண்ட்லஸ். நீர்ப்படிக்குள் தண்ணீரை விடவும் வடிக்கவும் உள்ள மதகுப்பலகையை ஏற்றி இறக்கும், ‘ட’ வடிவ இரும்புக் கைப்பிடி. ‘சுழற்றுக்கை’ என்று எழுதிவைத்தேன், எங்கள் வீட்டிலேயே யாரும் சீந்தவில்லை. கூட வந்த அத்தை முதல் படியிலேயே ‘அந்தச் சாவியை இப்படிக் குடு’ என்று கேட்டு வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு படகில் எல்லாருக்கும் அது சாவிதான். பூட்டு வேண்டாம் என்று இத்தனை வாதாடிய பிறகு நான் எப்படிச் சாவியை முன்மொழிவது? வேறு சொல் இருப்பவர்கள் பொங்கலுக்குள் அனுப்பினால் பட்டியலை முடித்துவிடலாம்.